மரு, பாலுண்ணி, அம்மை, அக்கி: தோலில் வரும் வைரஸ் நம் மரபணுக்களை என்ன செய்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் பேசப் போனாலும் சரி, கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும் சரி, யாராவது கையையோ கழுத்தையோ காட்டி என்னிடம் கேட்கிற கேள்விகள் இவை. நான் உயிரியல் ஆசிரியர், மருத்துவர் அல்ல. வைத்தியம் பற்றி வரும் இடங்களில் தோல் மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வதை மட்டுமே எழுதியிருக்கிறேன். செல்லுக்குள் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லியிருக்கிறேன். அது புரிந்தால் தேவையில்லாத பயம் போகும். பயப்பட வேண்டிய இடத்தில் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போகத் தோன்றும்.

கையில் மரு வந்திருக்கிறது. என் மரபணுவே மாறிவிட்டதா?

இல்லை. கையில் வரும் சாதாரண மரு உங்கள் மரபணுவில் ஓர் எழுத்தைக்கூட மாற்றுவதில்லை. எந்த மரபணு எப்போது வேலை செய்யவேண்டும், எது சும்மா இருக்கவேண்டும் என்று ஓர் ஒழுங்கு இருக்கிறதல்லவா, அதைத்தான் வைரஸ் மாற்றுகிறது. இந்தப் பக்கம் முழுவதும் நான் சொல்ல வருவது இந்த வித்தியாசத்தைத்தான்.

மனித செல்லில் புரதம் செய்யும் மரபணுக்கள் ஏறக்குறைய 20,000 உண்டு. தோல் செல்லிலும் அதே தொகுதிதான், கல்லீரல் செல்லிலும் அதேதான். ஆனால் தோல் செல் கல்லீரல் வேலையைச் செய்வதில்லை. நம் ஊர்ப் பெரிய வீடுகளை நினைத்துப் பாருங்கள். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று அறைகள் எத்தனையோ இருக்கும். தினமும் திறந்து புழங்குவது நாலைந்துதான். மற்றவை கல்யாணம், சாந்தி என்று வந்தால்தான் திறக்கும். எதைத் திறப்பது, எதைப் பூட்டுவது என்பது சாவிக்கொத்து வைத்திருக்கும் ஆச்சியின் கையில் இருக்கிறது. வைரஸ் வீட்டை இடிப்பதில்லை, சாவிக்கொத்தைப் பிடுங்கிக்கொள்கிறது.

செல்லுக்குள் இந்தத் திறப்பும் பூட்டும் பல வழிகளில் நடக்கின்றன. டி.என்.ஏ. இழை ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளில் சுற்றப்பட்டிருக்கிறது. இறுக்கிச் சுற்றிய பகுதியில் உள்ள மரபணுவைப் படிக்க முடியாது, தளர்ந்த பகுதியில் உள்ளதைப் படிக்கலாம். டி.என்.ஏ.வின் மேலேயே மெத்தில் என்ற சிறிய வேதிக்குறி ஒட்டினால் அந்த மரபணு பெரும்பாலும் அடங்கிவிடும். இவை போக, குறிப்பிட்ட மரபணுவின் வாசலில் போய் உட்கார்ந்து அதை இயக்கும் புரதங்களும் உண்டு. தோலில் வரும் வைரஸ்கள் இந்த வழிகள் எல்லாவற்றிலும் கை வைக்கின்றன, ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய விதத்தில்.

மரு வைரஸ் எப்படி உள்ளே போகிறது? போய் என்ன செய்கிறது?

மருவுக்குக் காரணம் எச்.பி.வி. என்ற பாப்பிலோமா வைரஸ். இதில் 200 வகைகளுக்கு மேல் உண்டு. கை, கால் மருக்களில் பெரும்பாலும் 1, 2, 4, 27, 57 ஆகிய வகைகள் இருக்கும். மிகச் சிறிய வைரஸ். அதன் டி.என்.ஏ. சுமார் 8,000 எழுத்து நீளமுள்ள வட்டம், அவ்வளவுதான். மரபணுக்கள் ஒரு கைவிரல் எண்ணிக்கைக்குச் சற்றே மேல். இத்தனை குறைந்த முதலை வைத்துக்கொண்டு சொந்தமாகத் தன்னைப் பெருக்க அதனால் முடியாது. நம் செல்லின் டி.என்.ஏ. நகலெடுக்கும் இயந்திரம் முழுவதும் அதற்கு வேண்டும்.

இங்கேதான் அதற்கு ஒரு சிக்கல். நம் மேல்தோலில் பிரிந்து பெருகும் செல்கள் அடித்தட்டில் மட்டுமே இருக்கின்றன. அங்கே பிறக்கும் செல் மேலே ஏறத் தொடங்கியதும் பிரிவதை நிறுத்திவிடும். நகலெடுக்கும் மரபணுக்கள் அடங்கும், கெரட்டின் 1, கெரட்டின் 10, லோரிக்ரின் போன்ற உறுதி தரும் புரதங்களின் மரபணுக்கள் விழிக்கும். ஏறக்குறைய ஒரு மாதத்தில் அந்தச் செல் தட்டையாகி, செத்து, மேல் சருகாக உதிர்ந்துவிடும். வைரஸ் கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாக அடித்தட்டுச் செல்லுக்குள் போய் இறங்குகிறது. ஆனால் அது ஏராளமாகப் பெருகவேண்டியது மேல் அடுக்கில், அதாவது நகலெடுக்கும் இயந்திரத்தைச் செல் நிறுத்திவிட்ட இடத்தில்.

வைரஸின் ஈ7 என்ற புரதம் இதற்கு வழி செய்கிறது. நம் செல்லில் ஆர்.பி. என்று ஒரு காவல் புரதம் உண்டு. செல் பிரியத் தேவையான மரபணுக்களை இயக்கும் ஈ2எஃப் என்ற புரதத்தை அதுதான் பிடித்து வைத்திருக்கும். ஈ7 போய் ஆர்.பி.யைப் பற்றிக்கொண்டால் ஈ2எஃப் விடுபட்டுவிடும். மேலே ஏறி ஓய்ந்திருக்க வேண்டிய செல்லில் நகலெடுக்கும் மரபணுக்கள் மறுபடி விழித்துக்கொள்ளும். அதே நேரத்தில் தோலுக்கு உறுதி தரும் வேலையும் கொஞ்சம் முன்பின்னாக நடக்கும். இந்த இரண்டும் சேர்ந்துதான் மருவின் தடிப்பு.

ஒரு லென்ஸை எடுத்து மருவை உற்றுப் பாருங்கள். விரல் ரேகைகள் மருவின் ஓரம் வரை வந்து, அங்கே விலகிப் போய்விடும், மேலே ஏறாது. காய்ப்பு அல்லது கால் ஆணி என்றால் ரேகை அதன் மேலேயே தொடர்ந்து ஓடும். மருவின் மேற்பரப்பு சொரசொரப்பாக, காலிஃபிளவர் மொட்டுப்போல் பிரிந்திருக்கும். நடுவில் மிளகுத்தூள் அளவில் கறுப்புப் புள்ளிகள் தெரியும். அதை வேர் என்று பலர் குத்தி எடுக்கப் பார்க்கிறார்கள். வேர் இல்லை, தடித்த தோலுக்குச் சோறு போட மேலே ஏறி வந்த நுண்ணிய ரத்தக்குழாய்களில் ரத்தம் உறைந்த இடம். குத்தினால் ரத்தம் வரும், வைரஸ் பக்கத்தில் பரவும். அவ்வளவுதான் பலன்.

கழுத்தில் தொங்கும் சின்னச் சதையும் மருதானே?

பேச்சில் மரு என்கிறோம். மென்மையாக, காம்போடு தொங்கும் அந்தச் சதைகள் பெரும்பாலும் வைரஸால் வருபவை அல்ல. எடை கூடியவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் அதிகம் வரும். கழுத்து கறுத்து, கூடவே இவையும் நிறைய வந்தால் ஒருமுறை ரத்தச் சர்க்கரை பார்த்துவிடுங்கள்.

வருஷக்கணக்கில் மரு இருக்கிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஏன் கண்டுகொள்வதில்லை?

ஒரு செல்லுக்குள் வைரஸ் நுழைந்தால் அந்தச் செல் வழக்கமாக இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளியே விடும். 1957-இல் லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மன் இருவரும் இதைக் கண்டறிந்தார்கள். இன்டர்ஃபெரான் பக்கத்துச் செல்களில் போய் ஒட்டியதும் அவற்றில் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஒரே நேரத்தில் விழிக்கும். வைரஸ் ஆர்.என்.ஏ.வை (மரபணுவைப் படித்து எழுதிய நகல்) வெட்டும் புரதம், புரத உற்பத்தியை நிறுத்தும் புரதம், வெள்ளணுக்களைக் கூப்பிடும் புரதம் என்று எல்லாம் தயாராகும்.

பாப்பிலோமா வைரஸ் இந்த அழைப்பையே அமுக்கிவிடுகிறது. நன்றாக ஆராயப்பட்டது 16-ஆம் வகை. தோல் செல்களுக்கென்றே இன்டர்ஃபெரான் கப்பா என்று ஒன்று உண்டு. அதன் மரபணு வாசலில் மெத்தில் குறிகள் ஏறி, அது பேசாமல் ஆகிவிடுகிறது. கூடவே ஈ6 என்ற இன்னொரு வைரஸ் புரதம், இன்டர்ஃபெரானைக் கிளப்பும் ஐ.ஆர்.எஃப்.3 என்ற புரதத்தையும் பிடித்துக்கொள்கிறது. மேலும், இந்த வைரஸ் ரத்தத்துக்குள் போவதே இல்லை, செல்லை வெடிக்க வைப்பதும் இல்லை. தானாக உதிரும் தோல் சருகோடு வெளியேறுகிறது. காயமும் இல்லை, வீக்கமும் இல்லை. எதிர்ப்புச் சக்தி கவனிக்க அங்கே ஒன்றும் நடந்த மாதிரியே இருப்பதில்லை.

என்றாலும் ஒருநாள் கவனித்துவிடும். பிள்ளைகளுக்கு வரும் மருக்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, எதுவும் செய்யாமலே இரண்டு வருஷத்துக்குள் போய்விடுகின்றன. சில நேரம் ஒரே வாரத்தில் எல்லா மருவும் சேர்ந்து உதிரும். வெள்ளணுக்கள் வைரஸை ஓரிடத்தில் அடையாளம் கண்டுவிட்டால் உடம்பு முழுக்க அதே அடையாளத்தை வைத்துத் தேடும் என்பதால்தான் அப்படி.

கோயில் குளத்தில் உப்பும் மிளகும் போட்டோம், மரு போய்விட்டது. சுண்ணாம்பு, அம்மான் பச்சரிசிப் பால் எல்லாம் வைக்கலாமா?

வேண்டிக்கொண்டு உப்பும் மிளகும் போடுவதை நான் ஒருபோதும் தடுக்க மாட்டேன். அது தோலைப் புண்ணாக்குவதில்லை. மனத்துக்குத் தைரியம் தருகிறது. மேலே சொன்ன மூன்றில் இரண்டு பங்கை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

சுண்ணாம்பும் சோப்பும் குழைத்து வைப்பது வேறு விஷயம். அது காரம், தோலைச் சுட்டுவிடும். மரு இருந்த இடத்தில் ஆழமான புண்ணும் தழும்பும் வந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். சுட்ட இடத்துக்குப் பக்கத்தில், கண்ணுக்கு நல்ல தோலாகத் தெரியும் செல்களிலும் வைரஸ் இருக்கக்கூடும். அதனால்தான் சுட்டாலும் ஓரத்தில் மறுபடி முளைக்கிறது. அம்மான் பச்சரிசிப் பால் அரிக்கும் தன்மை உள்ளது. முகத்தில், அதுவும் கண்ணுக்குப் பக்கத்தில், எந்தக் காரணத்துக்கும் வைக்காதீர்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் சாலிசிலிக் அமில மருந்தை ஊறவைத்த தோலில் பொறுமையாகச் சில வாரம், சில மாதம் வைப்பது நல்ல வழி. மருத்துவர் மைனஸ் 196 டிகிரி குளிரில் உள்ள திரவ நைட்ரஜன் வைத்தும் எடுப்பார். சர்க்கரை நோயாளிகள் காலில் எதையும் சொந்தமாக வைக்கவே கூடாது.

பாலுண்ணியும் மருவும் ஒன்றா?

பேச்சில் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்கிறோம். ஆனால் பிள்ளைகளின் வயிறு, அக்குள், தொடைப் பக்கம் முத்துப்போல் வழவழப்பாக, உச்சியில் சின்னக் குழியோடு வருகிறதே, அது வேறு வைரஸ். பெயர் மொலஸ்கம் கன்டேஜியோசம். பெரியம்மை வைரஸின் குடும்பம். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பெரியம்மை 1980-இல் உலகத்திலிருந்தே ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அந்தக் குடும்பத்தில் மனிதனை மட்டுமே பிடிக்கும் வைரஸ்களில் இன்று ஊருக்குள் மிச்சம் இருப்பது இந்தச் சாதுவான மொலஸ்கம்தான்.

எனக்கு மிகவும் பிடித்த வைரஸ் இது என்றால் பிள்ளைகள் ஆச்சரியப்படுவார்கள். அதன் டி.என்.ஏ. ஏறக்குறைய 1,90,000 எழுத்து நீளம். 1996-இல் முழுவதையும் படித்து முடித்தார்கள். மரு வைரஸ் போல இது நம் செல்லின் உட்கருவுக்குள் போவதே இல்லை. தன் ஆர்.என்.ஏ.வை எழுதும் இயந்திரத்தையும் தானே கொண்டுவருகிறது. அப்படியானால் உட்கருவில் இருக்கும் நம் மரபணுக்களை அது எப்படி மாற்றுகிறது?

வெளியே இருந்தபடியே மாற்றுகிறது. ஆபத்து என்று தெரிந்ததும் நம் செல் என்.எஃப். கப்பா பி என்ற புரதத்தை உட்கருவுக்குள் அனுப்பும். அது உள்ளே போனால் வீக்கம், காய்ச்சல், வெள்ளணுக்களைக் கூப்பிடுதல் ஆகியவற்றுக்கான மரபணுக்கள் எல்லாம் இயங்கும். மொலஸ்கம் அந்தப் புரதம் உட்கருவைச் சேர விடுவதில்லை. அதன் எம்.சி.159, எம்.சி.160 என்ற புரதங்கள் பாதையின் தொடக்கத்தில் குறுக்கிடுகின்றன. எம்.சி.005 பாதி வழியில். எம்.சி.132, அந்தப் புரதத்தின் ஒரு பாதியைச் செல்லின் குப்பைக்கே அனுப்பி அழிக்கிறது. ஒரே பாதையில் இத்தனை இடத்தில் தடை போட்டிருக்கிறது என்றால் அந்தப் பாதை வைரஸுக்கு எவ்வளவு ஆபத்தானது என்று பாருங்கள். வெளியே போய்ச் சேர்ந்த எச்சரிக்கைப் புரதங்களையும் அது விடுவதில்லை, ஐ.எல்.18 என்ற ஒன்றைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தனியாக ஒரு புரதம் செய்கிறது.

பாலுண்ணியை மருத்துவர் சுரண்டி எடுக்கும்போது உள்ளிருந்து வெண்மையாக, பன்னீர்க்கட்டி உதிரி மாதிரி ஒன்று வரும். அதைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துச் சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் முட்டை வடிவில் பெரிய பெரிய உருண்டைகள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு தோல் செல். உள்ளே முழுக்க வைரஸ் நிரம்பி, செல்லின் உட்கரு ஒரு ஓரத்தில் பிறைபோல் நசுங்கிக் கிடக்கும். ஹெண்டர்சன், பேட்டர்சன் என்ற இருவர் 1841-இல் இதை விவரித்தார்கள். வைரஸ் என்றால் என்னவென்றே யாருக்கும் தெரியாத காலம் அது.

தாய்மாருக்கு ஒன்று சொல்லவேண்டும். பல மாதம் அமைதியாக இருந்த பாலுண்ணி திடீரென்று சிவந்து வீங்கினால் சீழ் வைத்துவிட்டது என்று பதறுகிறோம். பெரும்பாலும் அது நல்ல செய்தி: வைரஸின் தடைகளைத் தாண்டி எதிர்ப்புச் சக்தி உள்ளே வந்துவிட்டது, இனி அடங்கிவிடும். காய்ச்சலும் கடுமையான வலியும் சேர்ந்து வந்தால் மட்டும் காட்டுங்கள். பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள் தானாகவே போய்விடும். சிலருக்கு மூன்று, நான்கு வருஷம்கூட ஆகும். அதுவரை அந்தப் பிள்ளைக்குத் தனித் துண்டு கொடுங்கள், சொறியவிடாதீர்கள். பள்ளிக்கூடத்தை நிறுத்த வேண்டியதில்லை.

காய்ச்சல் வந்தால் உதட்டு ஓரத்தில் கொப்புளம் வருகிறது. பூச்சி கடித்ததா?

பூச்சி இல்லை. ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ். சிறு வயதிலேயே, யாரோ பாசத்தோடு கொடுத்த முத்தத்தில் வந்திருக்கும்.

இதன் வேகம் மரு வைரஸுக்கு நேர் எதிர். செல்லுக்குள் நுழையும்போதே வி.பி.16 என்ற புரதத்தைக் கையோடு கொண்டுவருகிறது. அது நம் செல்லின் ஆக்ட்1, எச்.சி.எஃப்.1 என்ற இரண்டு புரதங்களோடு சேர்ந்து, வைரஸின் முதல் மரபணுக்களை இயக்கிவிடும். வைரஸின் இன்னொரு புரதம் நம் செல் எழுதி வைத்த ஆர்.என்.ஏ. தகவல்களை வெட்டிப்போடும். மரபணுக்களைப் படிக்கும் நம் இயந்திரம் கூட்டமாக வைரஸின் டி.என்.ஏ.வுக்குப் போய்விடும். சில மணி நேரத்தில் நம் மரபணுக்களில் பெரும்பாலானவை ஓய்ந்துவிட, செல் செத்து உடையும். அதுதான் கொப்புளம்.

நரம்பு செல்லில் மட்டும் கதை வேறு. அங்கே போன வைரஸ் டி.என்.ஏ.வை நம் செல் ஹிஸ்டோனில் இறுகச் சுற்றி, பூட்டுக் குறிகள் போட்டு அடக்கிவிடுகிறது. காதுக்கு முன்புறம் மண்டைக்குள் இருக்கும் ஒரு நரம்பு முடிச்சில் வாழ்நாள் முழுக்க அப்படியே கிடக்கும். காய்ச்சல், கடும் வெயில், மன உளைச்சல் இவை அந்த நரம்பு செல்லில் ஆபத்துச் சமிக்ஞைகளைக் கிளப்பும்போது பூட்டுத் தளர்கிறது. சித்திரை வெயிலில் அலைந்தால் வருகிறது என்று பெரியவர்கள் சொல்வது சரிதான்.

அசைக்ளோவிர் மருந்து வைரஸின் சொந்த நொதி இருக்கும் செல்லில்தான் விழித்துக்கொள்ளும். நல்ல செல்லை அதிகம் தொடாது. அந்த வழியில் மருந்து தேடிய கெர்ட்ரூட் எலியனுக்கு 1988-இல் நோபல் பரிசு கிடைத்தது. உறங்கும் வைரஸை அந்த மருந்தால் தொட முடியாது, ஏனென்றால் அப்போது அந்த நொதியை வைரஸ் செய்வதே இல்லை.

அம்மை போட்டிருக்கும்போது மருந்து கொடுக்கலாமா? அம்மனுக்குக் குற்றமாகாதா?

காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்கு மாசி, பங்குனியில் பால்குடம் எடுப்பவர்களின் வரிசையை ஒருமுறை பார்த்தவர்களுக்கு, அம்மை என்றால் இங்கே வெறும் நோய் அல்ல என்பது புரியும். அந்தப் பக்தி மேல் எனக்கு மரியாதை உண்டு. நோயாளியைத் தனி அறையில் வைப்பது, வெளியாரை வீட்டுக்குள் விடாதது, வேப்பிலையால் தடவி அரிப்பைத் தணிப்பது, தண்ணீர் ஊற்றும் வரை வெளியே அனுப்பாதது: இதில் எதுவும் மருத்துவத்துக்கு எதிரானது இல்லை. சின்னம்மை, கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்து எல்லாம் பொருக்கு தட்டும் வரை பரவும். ஒதுக்கி வைக்கும் வழக்கம் அதற்குச் சரியாகப் பொருந்துகிறது.

மருந்தும் கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும். குறிப்பாகப் பெரியவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை அல்லது வேறு நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் முதல் நாளே மருத்துவரைப் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு இது நுரையீரலைத் தாக்கக்கூடும். அசைக்ளோவிர் கொப்புளம் வந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. அது ரெய் சிண்ட்ரோம் என்ற ஆபத்தில் கொண்டுபோய் விடலாம்.

செல்லுக்குள்: தோல் மேலே ஏறும்போது விழிக்க வேண்டிய கெரட்டின் 10 மரபணுவை இந்த வைரஸ் அடக்கிவிடுகிறது. கெரட்டின் 10 குறைந்தால் செல்களின் உறுதி குறையும், கொப்புளம் எளிதாக எழும், வைரஸ் மேலே வரும். தடுப்பூசியை ஜப்பானில் தக்காஹாஷி 1974-இல் உருவாக்கினார். இங்கே தனியார் மருத்துவர்களிடம் கிடைக்கிறது.

அக்கிக்கு வேளார் வீட்டில் காவி எழுதினால் சரியாகிறதே?

அக்கி என்பது உங்கள் உடம்பிலேயே உறங்கிக் கிடந்த பழைய சின்னம்மை வைரஸ். முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சில், தன் மரபணுக்களில் மிகச் சிலவற்றை மட்டும் லேசாக இயக்கிக்கொண்டு பல பத்தாண்டுகள் இருக்கும். வயதாகி எதிர்ப்புச் சக்தி தளர்ந்ததும் எழுந்து, ஒரே நரம்பு போகும் பாதையில் இறங்கி வரும். அதனால்தான் உடம்பின் ஒரு பக்கம் மட்டும், பட்டைபோல் வருகிறது.

மண்பாண்டம் செய்யும் வேளார்கள் அக்கியின் மேல் காவியில் சிங்கம் எழுதுவது நம் ஊரில் காலங்காலமாக நடப்பது. குளிர்ச்சியாக இருக்கும், எழுதுபவரின் அக்கறையான பேச்சும் ஆறுதல் தரும். அக்கி கொப்புளம் பொதுவாக இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் தானாகவே ஆறிவிடுகிறது. ஆனால் மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கவேண்டும். காவி எழுதி மூன்று நாள் பார்க்கலாம் என்று இருப்பதில் அந்த நேரம் போய்விடுகிறது. கொப்புளம் ஆறினாலும் சிலருக்கு நரம்பு வலி மாதக்கணக்கில், ஏன், வருஷக்கணக்கில்கூட நிற்கும். சட்டை உரசினால்கூடத் துடிக்கும் ஐயாக்களையும் அப்பத்தாக்களையும் நம் வீடுகளில் பார்த்திருப்பீர்கள். ஆகவே முதலில் மாத்திரை, அப்புறம் காவி. நெற்றி, மூக்கு நுனி, கண் பக்கம் வந்தால் அன்றைக்கே கண் மருத்துவர். 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அக்கித் தடுப்பூசி இப்போது இந்தியாவில் இருக்கிறது. விலை அதிகம், ஆனாலும் கேட்டுப் பாருங்கள்.

மரு புற்றுநோயாக மாறுமா?

கையில் வரும் மரு பொதுவாக மாறாது. கர்ப்பப்பை வாயைப் பிடிக்கும் வகைகள் வேறு. அவற்றில் 16, 18 ஆகிய இரண்டு மட்டுமே கர்ப்பப்பை வாய்ப் புற்றில் ஏறக்குறைய 70 சதவீதத்துக்குக் காரணம். இந்தத் தொடர்பை நிறுவிய ஜெர்மன் விஞ்ஞானி ஹாரால்ட் சுர் ஹாசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஈ6, ஈ7 ஆகிய புரதங்களை அளவோடு வைத்திருப்பது வைரஸின் ஈ2 என்ற இன்னொரு புரதம். பல ஆண்டுகள் நீடிக்கும் தொற்றில், வைரஸின் வட்டமான டி.என்.ஏ. சில நேரம் அறுந்து நம் குரோமோசோமுக்குள் செருகிக்கொள்ளும். அறுபடும்போது பெரும்பாலும் ஈ2 கெட்டுப்போகும். அதற்குப் பிறகு ஈ6, ஈ7 இரண்டுக்கும் கடிவாளம் இல்லை. ஈ7 ஆர்.பி.யை முடக்கும், ஈ6, கெட்டுப்போன செல்லைத் தற்கொலைக்கு அனுப்பும் பி53 என்ற புரதத்தையே அழித்துவிடும். செல் நிற்காமல் பிரியும். பிரியப் பிரிய அதன் சொந்த மரபணுக்களிலும் பிழைகள் சேரும். மரபணு எழுத்து மாறும் கட்டம் இங்கேதான் வருகிறது, அதுவும் மிகத் தாமதமாக.

இதில் ஒரு சோதனையை நான் வகுப்பில் சொல்லாமல் விட்டதே இல்லை. 1951-இல் அமெரிக்காவில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கர்ப்பப்பை வாய்ப் புற்றிலிருந்து, அவரிடம் கேட்காமலே எடுத்த செல்கள் இன்றும் உலகம் முழுக்க ஆய்வகங்களில் பெருகுகின்றன. ஹீலா செல்கள் என்று பெயர். அவற்றில் 18-ஆம் வகை வைரஸ் செருகியிருக்கிறது. பல பத்தாண்டுகள் நிற்காமல் பிரிந்த அந்தச் செல்களுக்குள் ஆராய்ச்சியாளர்கள் ஈ2 புரதத்தைத் திரும்பக் கொடுத்தார்கள். ஈ6, ஈ7 அடங்கின. பி53-யும் ஆர்.பி.யும் திரும்பத் தலைதூக்கின. செல்கள் பிரிவதை நிறுத்தி மூப்படைந்தன. இத்தனை காலமும் அந்தக் காவல் மரபணுக்கள் கெடாமல் அப்படியே இருந்திருக்கின்றன; வைரஸ் அவற்றை வேலை செய்யவிடாமல் வைத்திருந்தது, அவ்வளவுதான்.

தொற்றிலிருந்து புற்று வரை பொதுவாக 15, 20 ஆண்டுகள் ஆகும். அந்த இடைவெளியில் பரிசோதனை செய்துகொண்டால் தப்பிக்கலாம். பெண்பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள் தடுப்பூசி போட்டுவிடுவது இன்னும் நல்லது. இந்தியாவிலேயே தயாரான செர்வாவாக் 2023 முதல் கிடைக்கிறது. வயதுக்கு வருவதற்கு முன்பே எதற்கு இந்த ஊசி என்று தயங்கும் ஆத்தாமார்களுக்கு: வைரஸ் சாவியைப் பிடுங்கிய பிறகு இந்த ஊசி பயன்படாது. அது உள்ளே வருவதற்கு முன்பே போட்டால்தான் பலன்.

இது பிள்ளைகளுக்குப் பரம்பரையாகப் போகுமா?

போகாது. வைரஸ் தொட்டது தோல் செல்லை. கருவை உண்டாக்கும் செல்லை அல்ல. ஒரே வீட்டில் நாலு பேருக்கு மரு இருந்தால் ஒரே துண்டு, ஒரே சவரக்கத்தி என்று தேடுங்கள்.

மிக அரிதாக ஒரு விலக்கு உண்டு. ஈவர்1 அல்லது ஈவர்2 என்ற மரபணு, தாய் வழி, தகப்பன் வழி இரண்டு பக்கமும் பழுதாகிப் பிறந்தால், மற்றவர்களுக்கு எந்தத் தொல்லையும் தராத 5, 8 ஆகிய வகைகள் உடம்பு முழுக்கத் தட்டையான மருக்களாகப் பரவும். வெயில் படும் இடத்தில் அவை புற்றாகவும் மாறலாம். அத்தை மகன், அம்மான் மகள் என்று சொந்தத்துக்குள் கட்டிவரும் குடும்பங்களில் இப்படிப் பழுது சேர வாய்ப்புக் கூடுதல். சிறு வயதிலிருந்தே உடம்பெல்லாம் மருவோடு இருக்கும் பிள்ளையைத் தோல் மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

ஊருணியில் குளித்தால் மரு வருமா?

தண்ணீரால் வருவது குறைவு. ஈரத்தில் ஊறிய பாதத்தோடு சொரசொரப்பான படிக்கட்டில் நடப்பதும் பிறர் துண்டைப் பயன்படுத்துவதும்தான் வழி. இறைச்சி, மீன் வெட்டுபவர்கள் கையில் 7-ஆம் வகை மரு அதிகம் காணப்படுகிறது. ஈரமும் சின்னச் சின்ன வெட்டும் சேர்ந்த கை அது.

செல்லுக்குள் நடப்பதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

மரு வைரஸ் சாதாரணத் தட்டில் வளராது, அதற்கு அடுக்கடுக்கான தோல் வேண்டும். எனவே தோல் செல்களைக் கொலாஜன் என்ற புரதத்தாலான படுகையில் விதைத்து, மேற்பக்கம் காற்றுப் படும்படி உயர்த்தி வளர்க்கிறார்கள். ஓரிரு வாரத்தில் அடித்தட்டிலிருந்து சருகு வரை உண்மையான தோல்போல் அடுக்குகள் உருவாகும். அதில் வைரஸை விட்டு, ஒவ்வொரு செல்லிலும் எந்தெந்த ஆர்.என்.ஏ. எவ்வளவு இருக்கிறது என்று தனித்தனியாகப் படிக்கிறார்கள். தொற்றுள்ள செல், பக்கத்தில் தொற்றில்லாத செல் இரண்டையும் ஒப்பிட்டால் எந்த மரபணு அடங்கியது, எது விழித்தது என்று தெரிந்துவிடும். மொலஸ்கத்தை ஆய்வகச் செல்களில் தொடர்ந்து வளர்ப்பது இன்றுவரை பெரும்பாடு. அதனால் அதன் புரதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து வேறு செல்களில் வைத்துத்தான் பெரும்பாலும் படிக்கிறார்கள்.

பிளஸ் 2 படிக்கிறேன். இந்தத் துறைக்குப் போக ஊரைவிட்டுப் போகவேண்டுமா?

தொடங்குவதற்குப் போக வேண்டியதில்லை. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்திலேயே உயிரித்தொழில்நுட்பத் துறையும் உயிர்த்தகவலியல் துறையும் இருக்கின்றன. பக்கத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் உயிரியல் புலம் இருக்கிறது. ஆர்.என்.ஏ. படித்த தரவுகளில் பெரும்பகுதி உலகத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி பொதுவில் கிடக்கிறது. ஒரு கணினியும் பொறுமையும் இருந்தால், தொற்றுள்ள தோலையும் இல்லாத தோலையும் நீங்களே ஒப்பிட்டுப் பார்க்கலாம். உயிரியலோடு கணக்கையும் விடாதீர்கள். பைத்தான் அல்லது ஆர் என்ற கணினி மொழி ஒன்றை இந்த விடுமுறையிலேயே தொடங்குங்கள்.